பிரான்சைஸ்: கடையா, ஓட்டா, கம்பியா?

அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா மகன் கேபிள் பில்லைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். அடியில் ஒரு வரி: 'பிரான்சைஸ் ஃபீ', நாலு டாலர் சொச்சம். "அண்ணே, நான் என்ன டீக்கடைக் கிளையா எடுத்து நடத்துறேன்? எனக்கு எதுக்கு இது?"

கேள்வியில் தப்பில்லை. நமக்கு பிரான்சைஸ் என்றால் கடைதான். பெரிய பெயர் ஒன்றைப் பணம் கட்டி வாங்கி, அவர்கள் சொல்லும் நிறத்தில் போர்டு மாட்டி, அவர்கள் தரும் தூளில் டீ போடுவது. அடுத்து ஐபிஎல் அணி. ஆனால் இந்தச் சொல்லின் வயதில் கடை நேற்றுப் பிறந்த குழந்தை.

மூலம் பழைய பிரெஞ்சு. 'ஃப்ரான்' என்றால் கட்டற்றவன். அதற்கும் முன்னால் அது ஓர் இனத்தின் பெயர்: பிரான்ஸுக்குப் பெயர் கொடுத்த ஃபிராங்குகள். அவர்கள் பிடித்த நாட்டில் முழு விடுதலை பெற்றவர்கள் அவர்களாகவே இருந்ததால் இனப்பெயரே 'விடுபட்டவன்' என்ற பொருளுக்கு வந்தது. அதிலிருந்து ஃப்ரான்ஷீஸ்: வரியிலிருந்தோ கடமையிலிருந்தோ விடுபட்ட நிலை. இங்கிலாந்துக்குப் போனதும் அது அரசன் கையால் தரும் உரிமை ஆயிற்று. சந்தை கூட்ட, ஆற்றில் ஓடம் விட, சுங்கம் வாங்க எல்லாவற்றுக்கும் அரசன் தந்த பிரான்சைஸ் வேண்டும். ஓட்டுப் போடும் உரிமை அதன் இன்னொரு கிளை. இலங்கையில் 1931இல் வந்ததைச் சர்வசன வாக்குரிமை என்கிறோமே, அந்த 'வாக்குரிமை'க்கு ஆங்கிலத்தில் நிற்பதும் இதே சொல்தான்.

தம்பியின் பில்லில் இருப்பது ஓடக்காரன் வாங்கிய பழைய பிரான்சைஸ். ஆறு அரசனுடையது என்பதுபோல, தெரு நகரத்துடையது. கேபிள் நிறுவனம் வீடு வீடாகப் படம் காட்ட வேண்டுமானால் தெருவோரக் கம்பத்தில் கம்பி இழுக்க வேண்டும், சாலையைத் தோண்டிப் புதைக்க வேண்டும். அதற்கு நகரம் சும்மா சம்மதிக்குமா? உட்கார்ந்து பேசுவார்கள். நியூயார்க் நகரம் 1970இல் மன்ஹாட்டன் பகுதியை இரண்டு நிறுவனங்களுக்கு 20 ஆண்டுக்குப் பிரித்துக் கொடுத்தபோது, பொதுமக்கள் தாங்களே நிகழ்ச்சி போட அலைவரிசை ஒதுக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டது.

இந்தப் பேரத்துக்கு 1984இல் அமெரிக்க நாடாளுமன்றம் வேலி போட்டது. கேபிள் சேவையின் மொத்த வருவாயில் நகரம் அதிகபட்சம் 5 சதவீதம் வாங்கலாம். பொதுமக்கள், கல்வி, உள்ளாட்சி இவற்றுக்கான அலைவரிசைகளைக் கேட்கலாம். ஒப்பந்தம் முடிய மூன்று ஆண்டு இருக்கும்போதே புதுப்பிக்கும் பேச்சைத் தொடங்கலாம். 1992இல் இன்னொரு சட்டம், ஒரே நிறுவனத்துக்கு என்று தனியாக எழுதிக் கொடுக்கக் கூடாது என்றது. மேசையில் சண்டை பெரும்பாலும் 'மொத்த வருவாய்' என்ற இரண்டு சொல்லின் மேல்தான் நடக்கும்: விளம்பரக் காசு அதில் சேருமா, இணைப்புக் கட்டணம் சேருமா என்று. 2005இல் டெக்சாஸும் 2006இல் கலிபோர்னியாவும் இந்த உரிமையை மாநிலமே தரும் என்று மாற்றிவிட்டன. அதனால்தான் 'நகரம் தானே பேசி முடித்த ஒப்பந்தம்' என்று இப்போது அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சொல்லின் பொருளே வழக்கானதும் உண்டு. 1998 டிசம்பர், ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டு. கேபிள் உரிமை வைத்திருந்த டிசிஐ நிறுவனத்தை ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனம் வாங்க இருந்தது. கை மாற எங்கள் சம்மதம் வேண்டும், உங்கள் கேபிள் வழியே மற்ற இணைய நிறுவனங்களும் வரலாம் என்றால் சம்மதம் என்றது நகரம். 1999இல் கீழ்க் கோர்ட்டில் நகரம் ஜெயித்தது. 2000இல் மேல்முறையீட்டில் தோற்றது. கேபிளில் வரும் இணையம் கேபிள் சேவையே அல்ல, ஆகவே அது பிரான்சைஸுக்குள் அடங்காது என்றார்கள் நீதிபதிகள். கம்பி ஒன்றுதான். உரிமை அதில் பாதிக்குத்தான்.

இதற்குத் தமிழில் என்ன சொல்வது? நம்மிடம் தனிச்சொல் இல்லாததற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் 1995 கேபிள் சட்டப்படி உள்ளூர் ஆபரேட்டர் தலைமைத் தபால் நிலையத்தில் பதிவு செய்துகொண்டார். மாநகராட்சியோடு ஒப்பந்தம் பேசி வாங்கும் பிரான்சைஸ் என்று ஒன்று இங்கே கிடையாது.

'உரிமம்' என்று பலர் எழுதுகிறார்கள். அது லைசென்ஸ், கார் ஓட்டவும் உரிமம்தான். இதில் இருக்கும் பேரமும் பங்கும் அதில் இல்லை. 'ஏகபோகம்' 1992க்குப் பிறகு தப்பு. சைக்கிள் ஸ்டாண்டை நகராட்சி ஏலம் விடுவதுபோல 'குத்தகை' எனலாம், கிட்டத்தட்ட வந்துவிட்டோம். ஆனால் நிலம் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய அளவைக் கொடுத்தால் குத்தகை, விளைச்சலில் பங்கு கொடுத்தால் வாரம். 5 சதவீதம் என்பது வாரம்தான்.

மூலப் பொருளுக்கு இணையான சொல் செப்பேட்டில் கிடக்கிறது. சுமார் கி.பி. 1000இல் சேர மன்னன் பாஸ்கர ரவி, யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு வட்டெழுத்தில் எழுதிக் கொடுத்த பட்டயம், 72 'விடுபேறு' தந்ததாகச் சொல்கிறது. பகல்விளக்கு, நடைபாவாடை, பல்லக்கு, குடை என்ற மரியாதைகள் எல்லாம் அந்தப் பட்டயத்தில் வருகின்றன. உல்கு என்ற சுங்கமும் துலாக்கூலி என்ற எடைக்கூலியும் விடப்படுகின்றன. விடுபட்டதால் பெற்ற பேறு: ஃப்ரான்ஷீஸ் என்பதும் அச்சாக அதுதான். இன்று எழுதினால் அச்சுப்பிழை என்று நினைத்து வீடுபேறு ஆக்கி, கேபிள்காரரை மோட்சத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

என் கணக்கில் ஓட்டுக்கு வாக்குரிமை, கடைக்குப் பெயருரிமை, கேபிளுக்குத் தட உரிமை. 'தட உரிமை ஒப்பந்தம்' என்று பிரித்தே எழுதுங்கள். சேர்த்தால் 'தடவு' என்று வந்து தொலையும். பில்லில் வருவது தட வாரம்.

தம்பிக்கு இவ்வளவும் சொன்னேன். "சரிண்ணே" என்றான். அடுத்த மாதம் டிவி கேபிளையே நிறுத்திவிட்டான். அதே கம்பியில் இணையம் மட்டும் வருகிறது, நகரத்துக்கு அந்த நாலு டாலர் இல்லாமல்.