பொம்மை வேகனுக்குத் துரு ஏத்துறவங்க கவனத்துக்கு

எனக்கு வேலை பெயிண்ட் ஷாப் சேஃப்டி. அதாவது கார் பாகங்களுக்கு பெயிண்ட் அடிக்கிற இடத்துல காத்துல என்ன கலந்திருக்கு, அடிக்கிறவர் மூச்சுல எவ்வளவு போகுது, ஃபேன் நிஜமாவே இழுக்குதா இல்ல சும்மா சத்தம் போடுதானு அளந்து பார்க்குறது. பொழுதுபோக்கு அமெரிக்க ஃப்ரைட் கார், அதாவது சரக்கு ரயில் பெட்டி மாடல், எச்.ஓ. ஸ்கேல், அதாவது 87ல ஒரு பங்கு சைஸ். இது ரெண்டும் ஒரே ஆளுக்கு வாய்ச்சதுல ஒரு தொல்லை என்னன்னா, யாராவது வெதரிங், அதாவது புது மாடல் வண்டியைத் துருப்பிடிச்சு அழுக்கான மாதிரி ஆக்குற வேலை, பண்ணிட்டு இருக்குறதைப் பார்த்தா துரு எப்படி வந்திருக்குனு பார்க்குறதுக்கு முன்னாடியே அந்த ரூம்ல ஜன்னல் எங்க இருக்குனு கண்ணு தேட ஆரம்பிச்சிடுது. ஃபேக்டரியில யாராவது பண்ணா அந்த நிமிஷமே வேலையை நிறுத்தச் சொல்ற விஷயங்களை, நல்லா படிச்ச நிதானமான ஆளுங்க கூட வீட்டு பேஸ்மெண்ட்ல டீ குடிச்சிட்டே பண்றாங்க.

பெயிண்ட் அடிக்கிற அந்த அஞ்சு நிமிஷத்துக்கு எல்லாரும் உஷாரா தான் இருக்காங்க, மாஸ்க் போடுறாங்க, ஃபேன் போடுறாங்க. அடிச்சு முடிச்சதும் மாஸ்க்கைக் கழட்டிட்டு ஏர்பிரஷை (காத்தோட சேர்த்து பெயிண்ட் அடிக்கிற சின்ன துப்பாக்கி) கழுவுறது, ஈரமா இருக்குற வண்டியை மூக்குக்குப் பக்கத்துலயே காய வெச்சிட்டு அடுத்த வண்டியை எடுக்குறது, துருவுக்குத் தேய்க்கிற நிறப் பவுடர் அதிகமாச்சுனா வாயால ஊதுறது, இதெல்லாம் யார் கணக்குலயும் வர்றதில்ல. ஆனா உள்ள போறது பெரும்பாலும் இந்த நேரத்துல தான்.

அதுக்கு முன்னாடி, ஸ்ப்ரே எவ்வளவு வேணும்ங்கிறதையே கொஞ்சம் யோசிக்கணும். நிஜ வண்டியை நல்லா பார்த்தா பாதி ஸ்ப்ரே தேவையே இல்லைனு புரியும். 1970கள்ல கட்டின ஒரு 50 அடி பாக்ஸ்காரை, அதாவது எல்லாப் பக்கமும் மூடின சரக்குப் பெட்டியை எடுத்துக்கோங்க. கூரை கால்வனைஸ்டு (துத்தநாகம் பூசின) தகடு, அதுல பெயிண்ட் ஒட்டாம உரிஞ்சு வந்துடும், அதனால கூரை முழுக்க ஒரே துரு நிறம் கிடையாது, சாம்பல் தகடு ஒரு பக்கம், மிச்சம் இருக்குற பெயிண்ட் ஒரு பக்கம், நடுநடுவுல திட்டுத்திட்டா துரு. வண்டியோட ரெண்டு முனையிலயும் சக்கரத்துக்கு நேரா செங்குத்தா ரெண்டு அழுக்குப் பட்டை இருக்கும், அது பக்கத்து வண்டியோட சக்கரம் மழையில தண்டவாளத்துச் சேத்தை வாரி அடிச்சது. சக்கரத்தோட முகம் எப்படி இருக்குங்கிறது பேரிங்கைப் பொறுத்தது: பழைய ஃப்ரிக்ஷன் பேரிங் வண்டின்னா எண்ணெய் கசிஞ்சு கறுப்பா பிசுபிசுன்னு இருக்கும், ரோலர் பேரிங்னா காஞ்ச துரு. தண்டவாளத்துல உரசுற இடம் மட்டும் பளபளன்னு இருக்கும். சிமெண்ட் ஏத்துற கவர்டு ஹாப்பர்ல (மேல மூடி, அடியில திறந்து கொட்டுற பெட்டி) மேல் மூடிகளைச் சுத்தி சிமெண்ட் சிந்தி மழையில கெட்டியாகி, பக்கவாட்டுல வெள்ளைக் கோடா இறங்கியிருக்கும்.

வண்டி எந்த வருஷத்துதுங்கிறது தப்பா போனா துரு எவ்வளவு அழகா இருந்தும் பிரயோஜனம் இல்ல, அதையும் சொல்லிடுறேன். 1966 கடைசியிலிருந்து புதுசா கட்டின பாக்ஸ்கார்ல கூரை மேல நடைபலகை கிடையாது. பக்கவாட்டுல கலர் கலரா பட்டை போட்ட அந்த ஏ.சி.ஐ. லேபிள், ஸ்கேனர் வண்டி நம்பரைப் படிக்கிறதுக்கான ஸ்டிக்கர், 1967ல வந்து 1977ல கைவிட்டாங்க, அதுக்கப்புறமும் பல வண்டியில மங்கி உரிஞ்சு ஒட்டிக்கிட்டே இருந்துச்சு. கறுப்புக் கட்டத்துக்குள்ள மஞ்சப் புள்ளி, சக்கரத்தைச் சோதிச்சாச்சுங்கிற அடையாளம், அது 1978. வெளிச்சம் பட்டா மின்னுற மஞ்சள், வெள்ளை ஸ்டிக்கர் பட்டை சட்டப்படி வந்தது 2005க்கு அப்புறம். 1975ஐக் காட்டுற மாடல் வண்டியில மஞ்சப் புள்ளியைப் பார்த்தா எனக்கு தலை வலிக்கும், தின்னர் வாடையே வேண்டாம்.

சரி விஷயத்துக்கு வர்றேன். மேல சொன்னதுல எதுக்கு ஸ்ப்ரே வேணும்? வெயில்ல வெளுத்த மாதிரி லேசா ஒரு கோட், சக்கரம் வாரி அடிச்ச சேறு, கடைசியா டல்கோட் (பளபளப்பை மட்டுப்படுத்துற பூச்சு), அவ்வளவு தான். மத்ததெல்லாம் பிரஷ் வேலை. துரு ஓட்டைக்கு ஆயில் பெயிண்ட் மாதிரி எதுவும் வராது, பல்குச்சி முனையில பர்ன்ட் அம்பர்ங்கிற அடர் பழுப்பு நிறம் ஒரு பொட்டு வெச்சு, வாசனை நீக்கின மினரல் ஸ்பிரிட்ல (ஆயில் பெயிண்டைக் கரைக்கிற திரவம்) பிரஷைத் தொட்டு டிஷ்யூல நல்லா துடைச்சு, கிட்டத்தட்ட காஞ்ச பிரஷாலயே அந்தப் பொட்டோட கீழ் ஓரத்தை மட்டும் கீழ்ப்பக்கமா ஒரே ஒரு தடவை இழுக்கணும். பொட்டு நடுவுல அடர்த்தியா நிக்கும், கோடு போகப்போக மங்கும். அது காஞ்சதும் சுத்தி பர்ன்ட் சியன்னால ஒரு மெல்லிய வளையம், ஏன்னா பழைய துரு கறுத்திருக்கும், புதுசா பரவுற ஓரம் ஆரஞ்சா இருக்கும். மொத்தமா செலவாகுற ஸ்பிரிட் சில சொட்டு. இதையே ஏர்பிரஷ்ல பண்றேன்னு ஒரு கப் தின்னரைக் காத்துல கலந்து விடுறாங்க, ரிசல்ட்டும் புகை அடிச்ச மாதிரி மொழுமொழுன்னு தான் வரும். கோவாஷ், அதாவது தண்ணியில கரையுற பெயிண்ட், பழகிட்டா ஸ்பிரிட்டும் வேண்டாம், தண்ணியே போதும், பிடிக்கலைனா ஈரப் பஞ்சால துடைச்சிட்டு மறுபடி ஆரம்பிக்கலாம்.

இப்போ பவுடர். "பவுடர் தானே, கெமிக்கல் இல்லையே"னு தான் எல்லாரும் சொல்றாங்க, எனக்கு அதிகமா கவலை தர்றது இது தான். பேஸ்டல் சாக்கை பிளேடால சுரண்டி, கூரை மேல பிரஷால தேய்ச்சு, அப்புறம் வண்டியை முகத்துக்கு நேரா தூக்கிப் பிடிச்சு ஃபூனு ஊதுறது. ஊதினதும் அடுத்து நீங்க செய்யப்போறது மூச்சை உள்ள இழுக்குறது, வேற வழியே இல்ல, அந்தப் புகைமண்டலம் அப்போ மூக்குக்கு ஒரு சாண் தூரத்துல தான் நிக்குது. கண்ணுக்குத் தெரியுற தூசு மேஜையில விழுந்துடும். நுரையீரலோட அடிவரைக்கும் போறது சுமார் 4 மைக்ரானுக்குக் கீழ உள்ளது, அது கண்ணுக்குத் தெரியாது, சீக்கிரம் கீழயும் இறங்காது. மண்ணுல இருந்து எடுக்குற இயற்கைப் பிக்மெண்ட்ல (நிறப்பொடி) குவார்ட்ஸ் கலந்திருக்கலாம், அந்த கிரிஸ்டலைன் சிலிக்கா புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான பட்டியல்ல இருக்கு. அம்பர் நிறத்துக்கே காரணம் இரும்பு ஆக்சைடோட சேர்ந்த மாங்கனீஸ், அது மூச்சுல தொடர்ந்து போனா நரம்பைத் தாக்கும். சாதா சிவப்பு இரும்பு ஆக்சைடு இதுக்கெல்லாம் எவ்வளவோ பரவாயில்ல. வாரத்துக்கு ஒரு வண்டி பண்றவருக்கு நாளைக்கே ஏதோ ஆயிடும்னு நான் சொல்லலை, ஆனா இருபது வருஷமா தினமும் பண்றவங்களும் இந்த ஹாபில உண்டு.

வழி ரொம்ப சுலபம். பவுடரை ஈரத்தோட வேலை செய்யுங்க. ஒரு சொட்டு ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல பவுடரைக் குழைச்சு வெச்சா காயும்போது அதுவே ஒட்டிக்கும், கூரை மடிப்புல இன்னும் நிஜமா நிக்கும். ஒரு விஷயம் கவனிங்க, டல்கோட் மேல ஆல்கஹால் பட்டா வெள்ளையா பூத்துடும், வெயில்ல வெளுத்த வண்டி வேணும்னா அதையே வசதியா பயன்படுத்திக்கலாம், வேண்டாம்னா தண்ணியில ஒரு துளி பாத்திரம் கழுவுற சோப்பு போதும். அதிகமானதை ஊதாம மென்மையான பிரஷால ஈர டிஷ்யூ மேல தட்டுங்க. மேஜையையும் ஈரத்துணியால துடைங்க, சாதா வேக்யூம் கிளீனர் பெருசைப் பிடிச்சிட்டு நுண்ணியதைப் பின்பக்கமா ரூமுக்கே திருப்பித் தரும், ஹெப்பா ஃபில்டர் இருந்தா மட்டும் எடுங்க. தூசுக்கு என்95 மாஸ்க் நல்லாவே வேலை செய்யும்.

ஆனா அதே என்95ஐ மாட்டிக்கிட்டு தின்னர் அடிக்கிறாங்க பாருங்க, அங்க தான் சிக்கல். என்95 துகளைப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. தின்னர், டல்கோட், எனாமல் எதுக்கும் ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் போட்ட ரப்பர் மாஸ்க் தான், அமெரிக்காவுல அந்த கார்ட்ரிட்ஜுக்கு அடையாளம் கறுப்புப் பட்டை. ஸ்ப்ரேன்னா துளியும் பறக்கும், அதனால முன்னாடி துகள் ஃபில்டரும் சேர்ந்திருக்கணும். உள்ள இருக்குறது கரி, அது மேஜை மேல திறந்து கிடந்தாலும் ரூம் காத்துல இருக்குறதை உறிஞ்சிக்கிட்டே தான் இருக்கும், வேலை முடிஞ்சதும் ஜிப் கவர்ல போட்டு மூடி வைங்க. தாடி வெச்சிருந்தா மாஸ்க் ஓரம் தோல்ல ஒட்டாது, அப்புறம் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியும் வீண், இதை ஃபேக்டரியில சொன்னாலும் சண்டைக்கு வர்றாங்க, வீட்டுல சொன்னாலும் வர்றாங்க.

ஏர்பிரஷ் கழுவுறது தனிக் கதை. கப்புல தின்னரை ஊத்தி, முனையைத் துணியால அடைச்சு பின்னாடி குமிழி விட்டு, அப்புறம் குப்பைத்தொட்டியைப் பார்த்து புஸ்ஸுனு அடிச்சு காலி பண்றது. வண்டிக்கு அடிச்சதை விட அதிகமான தின்னர், பெயிண்டே கலக்காத சுத்தமான தின்னர், பூத்துக்கு (காத்தை வெளிய இழுக்குற ஃபேன் வெச்ச ஸ்ப்ரே பெட்டி) வெளிய, மாஸ்க் இல்லாம. கழுவுற வேலைக்குனு ஃபில்டர் போட்ட மூடி ஜாடி விக்குது, அதுக்குள்ள அடிங்க, அந்த ஜாடியும் பூத்துக்குள்ளயே இருக்கட்டும், ஃபேனும் மாஸ்க்கும் கழுவி முடிக்கிற வரை ஓடணும். காய்ற வண்டியும் அங்கேயே காயட்டும்.

தீ விஷயத்துக்கு ஒரு நாலு நம்பர். தீப்பொறி பட்டா பத்திக்கிற அளவுக்கு ஆவி கிளம்புற வெப்பநிலை அசிட்டோனுக்கு மைனஸ் 20 டிகிரி, டொலுயீனுக்கு 4, ஐசோப்ரொபைலுக்கு 12, மினரல் ஸ்பிரிட்டுக்கு 40க்குப் பக்கம். அதாவது அசிட்டோன், டொலுயீன் மாதிரி கலந்த லேக்கர் தின்னர் எந்த ரூம்லயும் எப்பவுமே ரெடி. அந்த ஆவி காத்தை விட கனம், தரையோட தரையா ஊர்ந்து போகும், அமெரிக்க பேஸ்மெண்ட்ல அது போய்ச் சேர்ற மூலையில தான் பழைய கேஸ் வாட்டர் ஹீட்டர் சின்ன நெருப்போட உட்கார்ந்திருக்கும். நம்ம ஊர்ல பண்றவங்களுக்கு பேஸ்மெண்ட் இல்ல, அதுக்குப் பதிலா ஸ்ப்ளிட் ஏசி. "ஏசி ஓடுது, காத்து வருது"ம்பாங்க, அது உள்ள இருக்குற காத்தையே தான் குளிர வெச்சு திருப்பி விடுது, வெளிக்காத்து வர்றதே இல்ல.

டூ-கே கிளியர் கோட்னு இப்போ சின்ன பாட்டில்ல ஹாபிக்காரங்களுக்கே விக்கிறாங்க, ரெண்டு பாகத்தையும் கலந்து அடிக்கிறது. தயவுசெஞ்சு வீட்டுல வேண்டாம். அதோட ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கும், வாடை வெச்சு எச்சரிக்கை கிடைக்காது, அதனால கார்ட்ரிட்ஜ் தீர்ந்துடுச்சானே தெரியாது, ஒரு தடவை உடம்பு அதுக்கு அலர்ஜி ஆயிட்டா அப்புறம் ரொம்ப கொஞ்சமா பட்டாலே ஆஸ்துமா இழுக்கும். தொழிற்சாலையில இதை அடிக்கிறவருக்கு வெளியிலிருந்து ஹோஸ்ல சுத்தக் காத்து கொடுப்போம். அது வேற இல்லாம, வெதர் ஆன பாக்ஸ்காருக்கு பளபளப்பு கோட் எதுக்குனும் எனக்குப் புரியலை.

டீட்டெயிலிங்ல, அதாவது வண்டியில சின்னச் சின்ன பாகங்களைச் சேர்க்குறதுல, ஆபத்து கண்ணுக்கு. பிளாஸ்டிக்ல வார்த்த கைப்பிடியைச் சீவி எடுத்துட்டு 80ம் நம்பர் டிரில் பிட்டால, அதாவது 0.34 மில்லிமீட்டர், ஓட்டை போட்டு பாஸ்பர் பிரான்ஸ் கம்பியை மாட்டுவோம். அந்தப் பிட் லேசா சாஞ்சாலே படக்குனு உடைஞ்சு தெறிக்கும், கம்பியை வெட்டும்போது துண்டு கிளம்புற வேகம் கண்ணுக்கே தெரியாது, நாம ஆப்டிவைசரை (தலையில மாட்டுற பூதக்கண்ணாடி) மாட்டிக்கிட்டு முகத்தை அஞ்சு இன்ச்சுல வெச்சிருப்போம். பக்கமும் மறைக்கிற கண்ணாடி போடுங்க, வெட்டுற முனையை ஒரு விரலால மூடிக்கிட்டு வெட்டுங்க. சூப்பர் குளூ சிந்தினா பஞ்சு, பருத்தித் துணி எடுக்காதீங்க, ரெண்டும் சேர்ந்தா சூடாகி கொப்புளமே வரும். கண்ணுல பட்டா இழுத்துத் திறக்காம தண்ணி விட்டுக்கிட்டே டாக்டர்கிட்ட ஓடுங்க.

எடைக்கு ஈயக்குண்டு போடுற பழக்கமும் இன்னும் இருக்கு. எச்.ஓ.வுக்கு என்.எம்.ஆர்.ஏ. (அமெரிக்க மாடல் ரயில் சங்கம்) சொல்ற எடை 1 அவுன்ஸ், கூடவே ஒவ்வொரு இன்ச் நீளத்துக்கும் அரை அவுன்ஸ், 7 இன்ச் பாக்ஸ்காருக்கு நாலரை அவுன்ஸ், கிட்டத்தட்ட 128 கிராம். இரும்பு நட்டே போதும். ஈயக்குண்டை வெள்ளை பி.வி.ஏ. பசையில ஊத்தி வெச்சா பல வருஷத்துல ஈயம் வெள்ளைப் பொடியா மாறி உப்பி வண்டியையே பிளக்கும், பழைய வண்டி வாங்கித் திறந்து உள்ள வெள்ளையா பூத்திருந்தா கையுறை போடுங்க, குழந்தைங்களைப் பக்கத்துல விடாதீங்க. ஆயில் பெயிண்ட் துடைச்ச டிஷ்யூவையும் குப்பையில கசக்கிக் குவிக்காதீங்க, அதுல இருக்குற லின்சீட் (ஆளிவிதை) எண்ணெய் காயும்போது சூடாகும், குவியலா இருந்தா தானாவே பத்திக்கும். தண்ணியில நனைச்சு மூடி போட்ட இரும்பு டப்பாவுல போடுங்க.

இதெல்லாம் பார்த்து ஒழுங்கா பூத் வாங்கி, குழாயை வெளிய விட்டு, பக்காவா செட் பண்ணவங்களே தவற விடுறது ஒண்ணு இருக்கு. பூத் ஃபேன் காத்தை வெளிய தள்ளுதுன்னா அதே அளவு காத்து எங்கயோ இருந்து உள்ள வந்தாகணும். குளிர்காலத்துல பேஸ்மெண்ட் ஜன்னல் எல்லாம் இறுக்கமா மூடியிருக்கும், அப்போ கேஸ் ஹீட்டரோட புகைக்குழாய் வழியாவே காத்து கீழ இறங்கும், எரிஞ்ச புகையும் கூடவே வரும், அதுல கார்பன் மோனாக்சைடு இருக்கும், வாடையே கிடையாது. பூத்தை ஆன் பண்றதுக்கு முன்னாடி, பூத்துக்கு எதிர்ப்பக்கமா ஒரு ஜன்னலை நாலு விரல் அளவு திறந்து வைங்க, குளிர் அடிச்சா ஸ்வெட்டர் போட்டுக்கோங்க, ஹீட்டர் இருக்குற ரூம்ல ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டுங்க. டெஸ்ட் பண்றது ஈஸி: ஹீட்டர் எரியும்போது பூத் ஃபேனையும் ஓட விட்டு, ஹீட்டர் உச்சியில புகைக்குழாய் ஆரம்பிக்கிற இடைவெளிகிட்ட ஒரு ஊதுபத்தியைக் காட்டுங்க, பக்கத்துல தின்னர் டப்பா எதுவும் திறந்திருக்கக் கூடாது, அன்னைக்கு பெயிண்ட் அடிச்சிருக்கவும் கூடாது. புகை குழாய்க்குள்ள இழுத்துட்டுப் போனா சரி, உங்க பக்கமா திரும்பி வந்தா ஃபேனை நிறுத்திட்டு ஜன்னலை இன்னும் திறங்க.