503-லிருந்து 278: தவறான விடை காட்டிக்கொடுப்பது என்ன?

மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளையின் கணக்குத் தாளில் மதிப்பெண் குறைந்தால், வீட்டில் முதலில் வரும் சொல் 'கவனக்குறைவு'. கழித்தலில் இது பெரும்பாலும் பொருந்தாது. பிள்ளை கவனமாகத்தான் போடுகிறது. தவறான வழியில் கவனமாகப் போடுகிறது.

503 − 278 கொடுத்துப் பாருங்கள். சரியான விடை 225. பிள்ளை 375 எழுதினால், மேலே எது, கீழே எது என்று பார்க்காமல் ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறது. 235 எழுதினால் கடன் வாங்கத் தெரியும். ஆனால் பூஜ்ஜியத்தைப் பத்தாக்கி, அதிலிருந்து ஒன்றை ஒன்றுகளுக்குக் கொடுத்த பிறகு ஒன்பதாகக் குறைக்கவில்லை. 325 என்றால் நூறுகளில் ஐந்தை நான்காக்க மறந்திருக்கிறது. மூன்றும் வெவ்வேறு கோளாறுகள். மூன்றுக்கும் 'இன்னும் பத்துக் கணக்கு போடு' என்றால், தவறுதான் மனப்பாடமாகும்.

375 எழுதும் பிள்ளைக்கு இரண்டு இலக்கத்திலிருந்து தொடங்குங்கள். ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டில் கட்டி, 42 − 17க்கு நான்கு கட்டும் இரண்டு உதிரியும் கொடுங்கள். ஏழு குச்சி எடுக்க முடியாது. ஒரு கட்டைப் பிரித்தாக வேண்டும். நீங்கள் சொல்லாமலே கை பிரிக்கும்வரை குச்சிதான்.

மற்ற இருவருக்கும் காகிதப் பணம் போதும். ஐந்து நூறும் மூன்று ஒரு ரூபாயும் கொடுத்து 278 கேளுங்கள். ஒரு நூறைப் பத்துப் பத்துகளாகவும், அதில் ஒரு பத்தைப் பத்து ஒன்றுகளாகவும் மாற்றினால் கையில் 4 நூறு, 9 பத்து, 13 ஒன்று இருக்கும். மாற்றிய உடனேயே அந்த 4, 9, 13ஐ நோட்டில் இலக்கங்களுக்கு மேல் எழுத வேண்டும். பணம் தனியாக, எழுத்து தனியாக நடந்தால் பயனில்லை.

வாழ்க்கைக் கணக்கில் 'அதிகம் என்றால் கூட்டு' என்று குறுக்குவழி சொல்லித் தராதீர்கள். 'ராணியிடம் 24 மணிகள். இது மாலாவிடம் உள்ளதைவிட 7 அதிகம். மாலாவிடம் எத்தனை?' இதற்குக் குறுக்குவழி 31 தரும், விடை 17. யாரிடம் கூடுதல் என்று முதலில் கேளுங்கள். இரண்டு கோடுகளை, ஒன்றை நீளமாக, வரையச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

பரீட்சைத் தாளில் இன்னொரு சிக்கல். வீட்டில் கட்டம் போட்ட நோட்டு; தேர்விலோ கோடு போட்ட தாள். 307-க்குக் கீழே 46ஐ இடது ஓரம் ஒட்டி எழுதி, 767 என்று கூட்டிவிடுகிறார்கள். தேர்வுக்கு முந்தைய வாரமாவது கோடு போட்ட தாளில் பழக்குங்கள். 'நூ, ப, ஒ' என்று தலைப்பிட்டு, ஒன்றாம் இடத்திலிருந்து எழுதட்டும். செய்முறையை வலப்பக்கம் கோடு கிழித்துப் போட வேண்டும். அழித்துவிடக் கூடாது, வழிமுறைக்கும் மதிப்பெண் தரும் பள்ளிகள் உண்டு. விடையில் 'மணிகள்', 'ரூபாய்', 'செ.மீ.' விடுபடாமல் இருக்கட்டும்.

கடைசி ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் மறுபடி போட நேரம் இருக்காது. வினாத்தாளில் உள்ள எண்தான் விடைத்தாளிலும் இருக்கிறதா என்று விரல் வைத்து ஒப்பிடட்டும். நேரம் மிஞ்சினால், கழித்தல் விடையுடன் கழித்த எண்ணைக் கூட்டிப் பார்க்கலாம்: 225 + 278 = 503.