டெக் கேடட் முதல் வாட்ச் அதிகாரி வரை: கப்பலில் அதிகாரியாக அரசு கேட்பது என்ன?

பிளஸ் டூ முடித்துவிட்டுக் கப்பலுக்குப் போக நினைப்பவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. கல்லூரியில் வாங்கும் டிப்ளமோவை வைத்துக்கொண்டு யாரும் கப்பல் அதிகாரி ஆகிவிட முடியாது. பட்டம் வாங்கினாலும் அதே கதைதான். வணிகக் கப்பலை ஓட்டும் மேல்தளமான பிரிட்ஜில் நின்று பொறுப்பாக வாட்ச் பார்க்க, அதாவது முறைவைத்துக் கப்பலின் போக்கைக் கவனிக்க, மத்திய அரசின் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் தரும் தகுதிச் சான்றிதழ் வேண்டும். துறையில் எல்லோரும் இதை சி.ஓ.சி என்பார்கள். அதற்குத் தேவையானதில் பாதியைத்தான் கல்லூரி தரும். மீதியைக் கப்பலில் ஏறித்தான் சம்பாதிக்க வேண்டும். பலர் மாட்டிக்கொள்வதும் இந்த இரண்டாவது பாதியில்தான்.

இந்த விதிகளுக்கெல்லாம் மூலம் கடலோடிகளின் பயிற்சி, சான்றிதழ், வாட்ச் பற்றிய எஸ்.டி.சி.டபிள்யூ என்ற சர்வதேச உடன்படிக்கை. 1978-ல் உருவானது, 1995-லும் 2010-ல் மணிலாவிலும் பெரிதாகத் திருத்தப்பட்டது. 500 டன்னும் அதற்கு மேலும் மொத்தக் கொள்ளளவு உள்ள கப்பலில் வாட்ச் அதிகாரியாக இருப்பவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியின் பகுதியாகக் குறைந்தது 12 மாதம் கடலில் வேலை பார்த்திருக்க வேண்டும், அதற்குப் பயிற்சிப் பதிவேடும் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட பயிற்சி இல்லாதவருக்கு 36 மாதம். அந்தக் கடல் காலத்தில் குறைந்தது ஆறு மாதம் கேப்டன் அல்லது தகுதி பெற்ற அதிகாரியின் மேற்பார்வையில் பிரிட்ஜ் வாட்ச் பார்த்திருக்க வேண்டும். இதெல்லாம் உலகப் பொது அளவு. இதற்குக் குறையாமல் ஒவ்வொரு நாடும் தன் விதியை வகுத்துக்கொள்ளலாம்.

இந்தியாவில் டெக் பக்கம், அதாவது கப்பலை ஓட்டும் பிரிவுக்குப் போக முக்கியமாக இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவது டி.என்.எஸ் எனப்படும் கடல்சார் அறிவியல் டிப்ளமோ. ஓராண்டு கரையில் படிப்பு, அப்புறம் 18 மாதம் கேடட்டாக, அதாவது பயிற்சியாளராகக் கப்பலில். இரண்டாவது நாட்டிகல் சயின்ஸ் பி.எஸ்சி. மூன்றாண்டு கரையில், 12 மாதம் கடலில். கணக்குப் போட்டால் டி.என்.எஸ் இரண்டரை ஆண்டு, பி.எஸ்சி நான்கு ஆண்டு. கப்பலுக்காகக் காத்திருக்கும் காலம், தேர்வுக்குப் படிக்கும் காலம் இரண்டும் இதில் சேராது. சீக்கிரம் சம்பாதிக்க வேண்டும் என்பவர்கள் டி.என்.எஸ் பக்கம் சாய்வது இயல்பு. கையில் ஒரு பட்டம் இருந்தால் நல்லது என்று நினைக்கும் குடும்பங்கள் பி.எஸ்சியை விரும்புகின்றன. இரண்டில் எதில் போனாலும் எழுதும் சி.ஓ.சி தேர்வு ஒன்றுதான்.

இரண்டுக்கும் வாசல் ஐ.எம்.யூ சி.இ.டி என்ற பொது நுழைவுத் தேர்வு. 2008-ல் தனிச் சட்டத்தின் மூலம் உருவான இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் இதை நடத்துகிறது. அதன் தலைமையகம் சென்னையில் இருக்கிறது. கணினி வழித் தேர்வு, மூன்று மணி நேரம், 200 கேள்விகள். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றிலும் சேர்த்துச் சராசரி 60 சதவீதம் வேண்டும். ஆங்கிலத்தில் பத்தாம் வகுப்பிலோ பிளஸ் டூவிலோ 50 சதவீதம் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு மதிப்பெண்ணில் 5 சதவீதத் தளர்வு உண்டு, ஆனால் ஆங்கில மதிப்பெண்ணுக்கு அது பொருந்தாது. வயது வரம்பையும் அதன் தளர்வுகளையும் அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பிக்கும் முன்பே கண்ணைப் பரிசோதித்துவிடுவது நல்லது. எஞ்சின் பிரிவில் கண்ணாடி போட்டவர்களுக்கும் இடம் உண்டு. டெக் பிரிவில் சேரும்போது கண்ணாடி இல்லாத பார்வையைக் கேட்பார்கள், நிறக்குருடு இருந்தால் வழியே இல்லை. இரவில் எதிரே வரும் கப்பல் எந்தப் பக்கத்தைக் காட்டுகிறது என்பதை அதன் இடப்பக்கச் சிவப்பு விளக்கையும் வலப்பக்கப் பச்சை விளக்கையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரியும் ஒருவரை அங்கே நிறுத்த முடியாது. தலைமை இயக்ககம் அங்கீகரித்த மருத்துவரிடம்தான் சான்று வாங்க வேண்டும். நுழைவுத் தேர்வுக்குப் பணம் கட்டி, பயிற்சி வகுப்புக்கும் போய்விட்டுக் கடைசியில் இதைக் கண்டுபிடிப்பது வீண் செலவு.

சரி, இடம் கிடைத்துவிட்டது. இனி கேட்க வேண்டிய கேள்வி: கடல் பயிற்சிக்குக் கப்பலை யார் தரப் போகிறார்கள்? கப்பல் நிறுவனம் ஒன்று ஸ்பான்சர் செய்து, படிப்பு முடிந்ததும் தன் கப்பலில் ஏற்றிக்கொள்வதாக எழுத்தில் தந்திருந்தால் பாதிக் கவலை போய்விடும். அப்படி இல்லாவிட்டால், டிப்ளமோ கையில் இருந்தும் கடல் காலம் இல்லாமல், தேர்வு எழுதத் தகுதியில்லாமல் நிற்க வேண்டி வரும். 'நூறு சதவீத வேலை' என்று விளம்பரம் செய்யும் இடத்தில் 'எந்த நிறுவனம், எழுத்தில் தருவீர்களா' என்று கேட்டுப் பாருங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் கட்டணத்தைக் கட்டாதீர்கள். என் கணிப்பில் கல்லூரிக் கட்டடத்தைவிட இந்த ஒரு கடிதத்துக்குத்தான் மதிப்பு அதிகம்.

கப்பலில் ஏற்றிவிடுகிறேன் என்று பணம் கேட்கும் ஏஜென்ட்டுகளுக்கும் குறைவில்லை. ஆள் எடுக்கும் நிறுவனம் 2016-ம் ஆண்டு விதிகளின்படி ஆர்.பி.எஸ்.எல் என்ற ஆள் எடுப்பு உரிமம் வைத்திருக்க வேண்டும். கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி வேலை வாங்கித் தருவதற்காகக் கடலோடியிடம் கட்டணம் வாங்கவே கூடாது. மருத்துவச் சான்று, பாஸ்போர்ட், கடலோடியின் சேவைப் புத்தகமான சி.டி.சி ஆகியவற்றுக்கு ஆகும் செலவு மட்டும் உங்களுடையது. விசாவுக்கு ஆகும் செலவைக்கூடக் கப்பல் முதலாளிதான் ஏற்க வேண்டும். கல்லூரியும் படிப்பும் தலைமை இயக்ககத்தின் அங்கீகாரம் பெற்றவையா, ஏஜென்ட்டுக்கு உரிமம் இருக்கிறதா என்ற இரண்டையும் அதன் இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். தரகர் காட்டும் ஜெராக்ஸை நம்ப வேண்டாம்.

கப்பலில் ஏறியதும் பயிற்சிப் பதிவேடு உங்கள் கைக்கு வரும். நங்கூரம் போடுவது, உயிர்காப்புப் படகை இறக்குவது, சரக்கு கண்காணிப்பது, வரைபடத்தில் கப்பலின் நிலையைக் குறிப்பது என ஒவ்வொரு பணியையும் செய்து காட்டி அதிகாரியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். டெக்கில் துரு சுரண்டி, பெயின்ட் அடித்தே மாதங்கள் ஓடிவிடுவதும் உண்டு. ஆறு மாதப் பிரிட்ஜ் வாட்ச் விதியில் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, முடிந்த அளவு சீக்கிரம் பிரிட்ஜுக்குப் போகக் கேளுங்கள்.

இப்போது பிரிட்ஜில் பயிற்சி எதில் நடக்கிறது? ரேடார், எதிரே வரும் கப்பல்களின் போக்கைக் கணக்கிடும் ஆர்ப்பா, கைரோ திசைகாட்டி, ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டர், அருகிலுள்ள கப்பல்களின் விவரம் காட்டும் ஏ.ஐ.எஸ், ஜி.பி.எஸ். எல்லாவற்றுக்கும் நடுவில் எக்டிஸ் என்ற மின்னணு வரைபடக் கருவி. பெரிய கப்பல்களில் 2012-லிருந்து 2018-க்குள் படிப்படியாக இது கட்டாயமாக்கப்பட்டது. எக்டிஸ் வைத்திருக்கும் கப்பலில் வாட்ச் பார்க்க அதற்கான பொதுப் பயிற்சி வேண்டும். மாதிரிப் பாடத்திட்டம் 40 மணி நேரம். அந்தக் கப்பலில் இருக்கும் குறிப்பிட்ட மாடலையும் தனியே பழகிக்கொள்ள வேண்டும். ரேடாருக்கும் ஆர்ப்பாவுக்கும் சிமுலேட்டரில் பயிற்சி கட்டாயம்.

இவ்வளவு கருவிகள் இருக்கும்போது கோணம் அளக்கும் செக்ஸ்டன்ட்டை எடுத்துச் சூரியனையும் நட்சத்திரங்களையும் அளக்க ஏன் இன்னும் சொல்லித்தருகிறார்கள் என்று கேடட்டுகள் முணுமுணுப்பார்கள். 1995 ஜூன் 10-ம் தேதி ராயல் மெஜஸ்டி என்ற பயணிகள் கப்பல் பெர்முடாவிலிருந்து பாஸ்டன் போகும் வழியில் நான்டக்கெட் அருகே தரைதட்டியது. ஜி.பி.எஸ் ஆன்டெனாவின் கேபிள் கழன்றிருந்தது. செயற்கைக்கோள் சிக்னல் இல்லாத கருவி, வேகத்தையும் திசையையும் வைத்து உத்தேசமாக நிலையைக் காட்டிக்கொண்டே இருந்தது. தரைதட்டியபோது கப்பல் தன் பாதையிலிருந்து சுமார் 17 மைல் விலகியிருந்தது. அதுவரை ஒரு நாளுக்கும் மேலாகப் பிரிட்ஜில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. உயிர்ச்சேதம் இல்லை என்பது அதிர்ஷ்டம்.

எக்டிஸ் வந்த பிறகு நடந்தது வேறு வகை. 2013 செப்டம்பரில் ஓவிட் என்ற டேங்கர் டோவர் நீரிணையில் வார்ன் மணல்திட்டின்மேல் ஏறி ஏறத்தாழ மூன்று மணி நேரம் நின்றது. அனுபவமில்லாத இளைய அதிகாரி ஒருவர் போட்ட பயணத் திட்டம் அந்தத் திட்டின் மேலேயே போனது. அதை யாரும் சரிபார்க்கவில்லை. இதைவிட ஆழம் குறைந்தால் ஆபத்து என்று எக்டிஸுக்குச் சொல்லும் பாதுகாப்பு ஆழக்கோடு சரியாகப் பொருத்தப்படவில்லை, எச்சரிக்கை ஒலியும் வேலை செய்யவில்லை. கப்பல் எவ்வளவு ஆழத்தில் மிதக்கிறது என்பதை வைத்து ஆழக்கோட்டைப் பொருத்த வேண்டியது மனிதர். அதைத் தவறாகப் பொருத்திவிட்டால் கருவி அந்தத் தவறையே நம்பி நம்மையும் நம்ப வைக்கும். அதனால்தான் ஒரு முறையில் கிடைத்த நிலையை இன்னொரு முறையில் சரிபார்க்கச் சொல்கிறார்கள்: கடற்கரை அருகே ரேடார் தூரமும் கலங்கரை விளக்கத்தின் திசையும், நடுக்கடலில் வானம். ஜி.பி.எஸ் சிக்னலை முடக்குவதும் போலி சிக்னல் அனுப்புவதும் கருங்கடலிலும் பாரசீக வளைகுடாவிலும் நடக்கும் இந்தக் காலத்தில் பழைய பாடத்துக்கு மறுபடி மதிப்பு வந்திருக்கிறது.

கடல் காலம் முடிந்ததும் 'செகண்ட் மேட்' சி.ஓ.சி தேர்வு. எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் உண்டு. வழிகாணல், சரக்கு கையாளல், கப்பல் இயக்கமும் ஆட்கள் பாதுகாப்பும் என மூன்று பிரிவுகள். கூடவே தீயணைப்பு, உயிர்காப்புப் படகு, முதலுதவி, அவசரத் தொடர்புக்கான ஜி.எம்.டி.எஸ்.எஸ் ஆகிய பயிற்சிச் சான்றுகளும் வேண்டும். வாய்மொழித் தேர்வை வணிகக் கடல் துறை அலுவலகங்கள் நடத்துகின்றன, சென்னையிலும் ஒன்று உண்டு. மோதல் தவிர்ப்பு விதிகளில் தடுமாறினால் அங்கே தப்ப முடியாது. 1972-ல் வந்த அந்த விதிகள் இப்போது 41. சான்றிதழின் பெயர் செகண்ட் மேட் என்றாலும் முதல் வேலை பெரும்பாலும் தேர்ட் ஆபிசராகத்தான் கிடைக்கும். வழக்கமாகக் காலையும் இரவும் எட்டு மணியிலிருந்து பன்னிரண்டு மணி வரையிலான வாட்ச்.

வாங்கிய சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதற்கு அந்த ஐந்தாண்டில் 12 மாதமோ, கடைசி ஆறு மாதத்தில் மூன்று மாதமோ கடலில் இருந்ததைக் காட்டுவதுதான் வழக்கமான வழி.