வட்டமாக உட்கார்ந்தால் பிரசவம் எளிதாகுமா?

சின்னதாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கர்ப்பிணி பத்து முறை பரிசோதனைக்குப் போகிறார். ஒவ்வொரு முறையும் மருத்துவரின் அறைக்குள் அவர் இருப்பது பத்து நிமிடம், மிஞ்சிப்போனால் பதினைந்து. மொத்தத்தையும் கூட்டினால் இரண்டரை மணி நேரத்தைத் தாண்டாது. எடை, ரத்த அழுத்தம், ஸ்கேன் ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு எல்லாம் அதற்குள் முடிந்தாக வேண்டும். கேட்க நினைத்த கேள்வி, வெளியே வந்து செருப்பை மாட்டும்போதுதான் ஞாபகத்துக்கு வரும்.

காத்திருக்கும் கூடத்திலோ நேரத்துக்குப் பஞ்சமே இல்லை. அங்கே பத்துப் பேர் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். கால் வீங்குவது சாதாரணம்தானா, ராத்திரி எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பது, வலி எடுத்தால் எப்போது கிளம்புவது என்று எல்லார் மனதிலும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவராக உள்ளே போய் அதே கேள்வியைக் கேட்டு, அதே பதிலை வாங்கிக்கொண்டு வருகிறார்கள். உள்ளே இருப்பவரும் அன்றைக்குப் பத்தாவது தடவையாக அதையே சொல்லி முடிக்கிறார்.

அமெரிக்காவில் செவிலியாகவும் மருத்துவச்சியாகவும் பணியாற்றிய ஷாரன் ஷிண்ட்லர் ரைசிங் இந்த ஏற்பாட்டைத் திருப்பிப் போட்டார். 1990களின் தொடக்கத்தில், கனெக்டிகட் மாநிலத்தில். அந்தப் பத்துப் பேரையும் ஒன்றாக உட்காரவைத்து, பரிசோதனையையும் பேச்சையும் ஒரே அறையில் நடத்தினால் என்ன என்பதுதான் யோசனை. ‘சென்டரிங் ப்ரெக்னன்சி’ என்ற பெயரில் அது பரவியது. ஏறக்குறைய ஒரே மாதத்தில் பிரசவத்தை எதிர்பார்க்கும் எட்டு முதல் பன்னிரண்டு பேர், சுமார் பத்து அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். அதே பத்துத் தடவைதான் வருகிறார்கள், ஆனால் இப்போது கணக்கு பதினைந்து, இருபது மணி நேரத்தைத் தொடுகிறது.

ஓர் அமர்வை எட்டிப் பார்க்கலாம். உள்ளே நுழைந்ததும் ஒவ்வொருவரும் தானே எடை பார்க்கிறார், தானே கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்க்கிறார், இரண்டையும் தன் அட்டையில் தானே எழுதுகிறார். பிறகு அறையின் ஓரத்தில் விரித்திருக்கும் பாயில் படுக்க, மருத்துவச்சி டேப்பை எடுக்கிறார். அடிவயிற்றின் கீழ்முனையில் கைக்குத் தட்டுப்படும் எலும்பிலிருந்து கருப்பையின் உச்சி வரைக்கும் அளவு. இருபது வாரத்துக்குப் பிறகு இதில் ஒரு வேடிக்கை உண்டு. எத்தனை வாரமோ, ஏறக்குறைய அத்தனை சென்டிமீட்டர். இருபத்தெட்டாவது வாரத்தில் டேப் 27, 28, 29 என்று எதையாவது காட்டும். இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் கூடவோ குறையவோ இருந்தால், குழந்தையின் வளர்ச்சியையும் பனிக்குட நீரின் அளவையும் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். குழந்தையின் இதயத் துடிப்பையும் கேட்டு முடித்துவிட்டு, எல்லாரும் வட்டத்தில் வந்து உட்காருகிறார்கள்.

தானே எழுதுவது சாதாரண விஷயமாகத் தெரியும். ஆனால் போன மாதம் 110/70 என்று தன் கையால் எழுதியவர் இந்த மாதம் 138/88 என்று எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்கும். 140/90 என்பதுதான் எல்லைக்கோடு என்பது அவருக்கும் தெரியும், பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியும். இருபது வாரத்துக்குப் பிறகு அந்தக் கோட்டைத் தாண்டினால், பாடநூல்கள் முன்சூல்வலிப்பு என்று சொல்லும் சிக்கலாக இருக்குமோ என்று பார்க்க வேண்டும். பேச்சில் ‘பிரஷர் ஏறிவிட்டது’ என்போமே, அதுதான். முகமும் கையும் திடீரென்று வீங்குவது, விடாத தலைவலி, கண் மங்குவது, விலா எலும்புக்குக் கீழே வலி எல்லாம் அதன் அறிகுறிகள். துண்டுச்சீட்டில் இந்தப் பட்டியலைப் படித்து மறந்துபோனவர்கள் ஏராளம். தன் அட்டையில் எண்ணைப் பார்த்துத் தயங்கியவர் மறப்பதில்லை.

அப்புறம் கேள்விகள். ஒருவர் கேட்கக் கூச்சப்பட்டதை இன்னொருவர் போட்டு உடைப்பார். தும்மினால் சிறுநீர் கசிகிறது என்று ஒருவர் சொல்ல, வட்டத்தில் பாதிப் பேர் தலையைக் குனிந்து சிரிப்பார்கள். அவர்களுக்கும் அப்படித்தான். ரைசிங் வகுத்த முறையில் நடத்துபவர் பாடம் எடுக்கக் கூடாது. கேள்வியை வட்டத்துக்கே திருப்பிவிட வேண்டும்: ‘வேறு யாருக்காவது இப்படி இருந்திருக்கிறதா?’ நம்மைவிட ஒரு படி முன்னால் போய்க்கொண்டிருப்பவர் சொல்வது, பத்துப் படி மேலே நிற்பவர் சொல்வதைவிட நன்றாகக் காதில் ஏறுகிறது. இதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை, பள்ளியில் கடைசி பெஞ்சில் கணக்குக் கற்ற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ‘எனக்கும் அப்படித்தான்’ என்ற ஆறுதல் சில நேரம் தவறான ஆறுதல். நிறைமாதத்தில் குழந்தையின் அசைவு குறைவது இயல்பு என்று ஒருவர் சொல்ல, இன்னும் இரண்டு பேர் தலையாட்டினால் அந்தப் பொய் அங்கேயே உண்மையாகிவிடும். கடைசி வாரங்களில் அசைவின் தன்மை மாறலாம், உதைப்பது போய் உருளுவதாகத் தோன்றலாம். ஆனால் அசைவு குறையக் கூடாது. குறைந்தால் அன்றைக்கே போய்க் காட்ட வேண்டும். உள்ளங்கையிலும் பாதத்திலும் விடாத அரிப்பு என்றால் அதுவும் ‘எல்லாருக்கும் வருவது’ அல்ல, கல்லீரலைச் சோதிக்க வேண்டிய விஷயம். மருத்துவச்சி அதிகம் பேசாமல் வட்டத்தில் ஒருவராக உட்கார்ந்திருப்பது இந்த மாதிரி நேரத்தில் குறுக்கிடத்தான். அவர் இல்லாத வட்டம் வெறும் அரட்டை. அரட்டையும் நல்லதுதான், ஆனால் அது பரிசோதனை ஆகாது.

சரி, பேசினால் மனசு லேசாகும். பிரசவம் எப்படி எளிதாகும்? இங்கேதான் உடம்பு உள்ளே வருகிறது.

கருப்பை, கை கால் போல நாம் சொன்னபடி கேட்கும் தசை அல்ல. அது ஹார்மோன்களின் பேச்சைக் கேட்கிறது. குழந்தையின் தலை கருப்பை வாயை அழுத்த, அந்தச் செய்தி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி ஆக்சிடோசினை விடுகிறது. கருப்பை இன்னும் பலமாகச் சுருங்குகிறது, தலை இன்னும் அழுத்துகிறது, இன்னும் ஆக்சிடோசின் வருகிறது. உடம்பின் பெரும்பாலான சுழற்சிகள் ஏறியதை இறக்குபவை: சூடு ஏறினால் வியர்க்கும், சர்க்கரை ஏறினால் இன்சுலின் வரும். இது நேர்மாறு. ஏற ஏற இன்னும் ஏற்றிவிட்டு, குழந்தை வெளியே வந்தால்தான் தணியும்.

இதே கருப்பைத் தசையில் அட்ரினலினுக்கும் ஒரு பூட்டு இருக்கிறது. பயந்தால் சுரக்கும் அட்ரினலின் அந்தப் பூட்டில் பொருந்தும்போது தசை தளர்கிறது. இது வெறும் ஊகம் இல்லை. நாள் வருவதற்கு முன்பே வலி எடுத்தவர்களுக்கு, பிரசவத்தைத் தற்காலிகமாக நிறுத்தக் கொடுக்கப்படும் டெர்புட்டலின் போன்ற மருந்துகள் திறப்பதும் அதே பூட்டைத்தான். காட்டில் குட்டி போடப்போகும் ஒரு மானுக்குப் புலி வாடை அடித்தால், வலி கொஞ்சம் நின்று ஓட முடிவது நல்லதுதானே. வீட்டில் சீராக வந்துகொண்டிருந்த வலி, மருத்துவமனையின் வெளிச்சத்தையும் புது முகங்களையும் கண்டதும் மந்தமாகிவிட்டதாகப் பல தாய்மார்கள் சொல்வதை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் இருப்பதுதான் அந்த நேரத்துப் புலி.

ஆகவே முன்கூட்டியே தெரிந்துகொள்வதும் பழகிக்கொள்வதும் அலங்கார வேலைகள் அல்ல. பிரசவ வகுப்புகளில் ஒரு பழைய பயிற்சி உண்டு. எல்லார் கையிலும் ஒரு ஐஸ் கட்டியைக் கொடுத்து ஒரு நிமிடம் இறுக்கிப் பிடிக்கச் சொல்வார்கள். நல்ல பிரசவ வலி ஒவ்வொரு அலையிலும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் நீடிக்கும். முதல் தடவை எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள், தோள் காதுவரை ஏறுகிறது, இருபதாவது விநாடியில் யாரோ ஒருவர் கட்டியைக் கீழே போடுகிறார். இரண்டாம் தடவை, மூச்சை உள்ளே இழுப்பதைவிட இரு மடங்கு நேரம் எடுத்து மெதுவாக வெளியே விடச் சொல்கிறார்கள். தாடையைத் தளர்த்தச் சொல்கிறார்கள். கட்டி அதே குளிர்ச்சிதான், கையும் அதே கைதான். ஆனாலும் பலர் அறுபது விநாடியை எட்டிவிடுகிறார்கள். ஐஸ் கட்டி பிரசவ வலிக்கு ஈடாகாது என்பது எல்லாருக்கும் தெரியும். வலி வரும்போது உடம்பு தன்னிச்சையாக என்ன செய்கிறது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடுகிறது, அவ்வளவுதான். கூட வந்த கணவரோ அம்மாவோ தோழியோ பக்கத்திலிருந்து பார்ப்பதால், அன்றைக்கு எதை நினைவூட்ட வேண்டும் என்று அவர்களும் கற்றுக்கொள்கிறார்கள்.

கூட ஒரு ஆள் இருப்பதற்கு என்ன மதிப்பு? 1980இல் குவாத்தமாலாவில் நடந்த ஒரு ஆய்வு இதில் புகழ்பெற்றது. தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்களில் ஒரு பகுதியினருக்கு, முன்பின் தெரியாத ஒரு பெண்மணி கடைசிவரை பக்கத்தில் இருந்து கையைப் பிடித்து, முதுகைத் தடவிக்கொடுத்தார். மருத்துவப் பயிற்சி எதுவும் இல்லாதவர். சிக்கலில்லாமல் பிரசவித்தவர்களை மட்டும் ஒப்பிட்டபோது, துணை இருந்தவர்களுக்குச் சராசரியாக 8.8 மணி நேரம் ஆனது, இல்லாதவர்களுக்கு 19.3 மணி நேரம். வாயைப் பிளக்கவைக்கும் வித்தியாசம்தான். ஆனால் ஒப்பிடப்பட்டவர்கள் மொத்தம் நாற்பதே பேர். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2017இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 26 ஆய்வுகளில் இருந்த 15,858 பெண்களைச் சேர்த்துப் பார்த்தது. பிரசவ நேரம் குறைந்தது உண்மை, ஆனால் சராசரியாக முக்கால் மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவாகத்தான். அறுவைச் சிகிச்சை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பத்து மணி நேரம் என்ற கதையைவிட இந்தச் சின்ன எண்ணைத்தான் நான் நம்புவேன்.

வட்டம் பற்றிய ஆய்வுகளிலும் இதே ஏற்ற இறக்கம். 2007இல் அமெரிக்காவில் 1,047 இளம்பெண்களிடம் நடந்த ஆய்வில், குழுவாகப் பரிசோதிக்கப்பட்டவர்களில் 9.8 சதவீதத்தினருக்கும், தனித்தனியாகப் போனவர்களில் 13.8 சதவீதத்தினருக்கும் குறைப்பிரசவம் ஆனது. தாய்ப்பால் தொடங்கியவர்களும் குழுவில் அதிகம். எல்லாரும் துள்ளிக் குதித்தார்கள். தென் கரோலினாவில் 2,300க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்து 2022இல் வெளியிட்ட ஆய்வில் அந்த வித்தியாசத்தைக் காணோம். உலக சுகாதார நிறுவனமும் 2016இல், பெண் விரும்பினால், முறையான ஆராய்ச்சியோடு சேர்த்துச் செய்யலாம் என்று ஜாக்கிரதையாகவே சொன்னது. வட்டமாக உட்கார்வதால் குறைப்பிரசவம் நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் வேறொரு இடத்தில் விளைவு கண்கூடாகத் தெரிந்தது. நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்தில், மருத்துவம் படிக்காத உள்ளூர்ப் பெண் ஒருவர் மாதம் ஒருமுறை ஊர்ப் பெண்களைக் கூட்டினார். படங்களைக் காட்டி, கதை சொல்லி, நம் ஊரில் பச்சைக் குழந்தைகள் ஏன் சாகின்றன, நம்மால் என்ன செய்ய முடியும் என்று அவர்களையே பேசவைத்தார். 2004இல் வெளியான முடிவுப்படி, கூட்டங்கள் நடந்த பகுதியில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் முதல் மாதத்துக்குள் இறந்தவை 26.2, நடக்காத பகுதியில் 36.9. ஜார்க்கண்ட், ஒடிசா கிராமங்களிலும் இதே முறை பலித்தது. 2013இல் இந்தியா, நேபாளம், வங்கதேசம், மலாவி ஆகிய நாடுகளின் ஏழு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது ஒரு முக்கியமான விஷயம் தெரிந்தது. ஊரின் கர்ப்பிணிகளில் 30 சதவீதமாவது கூட்டத்துக்கு வந்த இடங்களில்தான் சாவு நன்றாகக் குறைந்தது, பச்சைக் குழந்தைகளின் இறப்பில் மூன்றில் ஒரு பங்கு. ஒன்றிரண்டு பேர் வந்து போனால் பயனில்லை. பிறந்த குழந்தையை உடனே துடைத்துப் போர்த்த வேண்டும், கொடியை அறுக்கும் பிளேடு கொதிநீரில் போட்டதாக இருக்க வேண்டும் என்று ஒருத்தி மட்டும் அறிந்தால் வீட்டில் அது எடுபடாது. பக்கத்து வீட்டுக்காரிக்கும் அவள் மாமியாருக்கும் தெரிந்திருந்தால்தான் நடக்கும்.

வட்டத்துக்கே திரும்புவோம். கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாள் என்று குறித்துக்கொடுக்கும் தேதியில் சரியாகப் பிறப்பவை நூற்றில் நான்கைந்து குழந்தைகள்தான். அதனால் எந்தக் குழுவிலும் ஒருவர் முந்திக்கொள்வார். பத்து நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அமர்வுக்கு வருவார். அன்றைக்கு யாரும் படத்தைப் பார்க்க வேண்டியதில்லை. தொப்புளில் காய்ந்த சுள்ளி போல ஒட்டிக்கொண்டிருக்கும் கருத்த கொடித் துண்டு, உரிந்துகொண்டிருக்கும் தோல், காரணமில்லாத விக்கல் எல்லாம் எதிரிலேயே இருக்கின்றன. தூக்கத்தில் குழந்தை நான்கைந்து விநாடி மூச்சு விடாமல் இருந்துவிட்டு மறுபடி வேகமாக விடுகிறது, சுற்றியிருக்கிற பத்துப் பேரும் தங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். பச்சைக் குழந்தைகள் அப்படித்தான் மூச்சு விடும் என்று அம்மாக்காரி சாவகாசமாகச் சொல்கிறார். முதல் அமர்வில், வலி வந்தால் எப்போது கிளம்புவது என்று கேட்டவரும் இவரேதான். இப்போது அதை இன்னொருவர் இவரிடம் கேட்கிறார்.

‘வலி வரும்போது பேசிக்கொண்டே இருக்க முடிந்தால் பொறுங்கள். பேச்சு நடுவில் நின்றுபோனால் கிளம்புங்கள்.’

‘பனிக்குடம் உடைந்தாலோ ரத்தம் பட்டாலோ அதற்குக்கூடக் காத்திருக்காதீர்கள்’ என்கிறார் மருத்துவச்சி, அட்டைகளை அடுக்கியபடி.