ஃபுட் வால்வு இருந்தால் விலக்கு கிடையாது: அமெரிக்க நிலத்தடி எரிபொருள் டேங்க் விதி

நிலத்தடி டேங்கிலிருந்து டீசலை மேலே உள்ள பம்ப் உறிஞ்சி எடுக்கும் இடங்களில், குழாயின் அடிமுனையில் ஃபுட் வால்வு போடுவது பழைய வழக்கம். தண்ணீர் மோட்டாருக்குப் போடுவதும் இதே வால்வுதான். பம்ப் நின்ற பிறகும் குழாயில் உள்ளது கீழே இறங்காது. அடுத்த முறை காற்று வாங்காமல் உடனே எடுக்கும். தண்ணீருக்கு நல்லதான இந்த ஏற்பாடு எரிபொருளுக்கு ஆபத்தாகலாம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் விதி இதை மனதில் வைத்தே எழுதப்பட்டிருக்கிறது.

1988இல் வந்து 2015இல் திருத்தப்பட்ட இந்த விதி, கூட்டாட்சி விதித் தொகுப்பின் 40ஆம் தலைப்பில் 280ஆம் பகுதியாக உள்ளது. டேங்கும் அதன் நிலத்தடிக் குழாய்களும் சேர்ந்த கொள்ளளவில் 10 சதவீதமோ அதற்கு மேலோ மண்ணுக்குள் இருந்தால் அது நிலத்தடி டேங்க். சொந்த உபயோகத்துக்கான 1,100 காலன் வரையிலான பண்ணை, வீட்டு வாகன எரிபொருள் டேங்குகளுக்கும், அதே இடத்தில் எரிக்கும் வெப்பமூட்டும் எண்ணெய் டேங்குகளுக்கும் இது பொருந்தாது.

உறிஞ்சு குழாய் வைத்திருப்பவர் 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை குழாயின் இறுக்கத்தை, அதாவது கசியாமல் இருக்கிறதா என்பதை, சோதிக்க வேண்டும். அல்லது 30 நாளுக்கு ஒருமுறை கசிவைக் கண்காணிக்க வேண்டும். இறுக்கச் சோதனை, இயக்க அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கில், மணிக்கு 0.1 காலன் கசிவையும் காட்டிக்கொடுக்க வேண்டும். சின்ன அளவாகத் தெரியும். விடாமல் கசிந்தால் நாளொன்றுக்கு 2.4 காலன் மண்ணுக்குள் போகும்.

இந்தச் சோதனைகள் எதுவுமே தேவையில்லை என்கிற விலக்கும் உண்டு. அதற்குக் குழாய் காற்றழுத்தத்தைவிடக் குறைந்த அழுத்தத்தில் இயங்க வேண்டும். உறிஞ்சுதல் நின்றதும் உள்ளே இருப்பது டேங்குக்கே வழிந்துவிடும்படி சரிவு இருக்க வேண்டும். ஒரு குழாய்க்கு ஒரே ஒரு செக் வால்வுதான் (ஒரு பக்கமாக மட்டுமே ஓடவிடும் வால்வு). அதுவும் பம்புக்கு நேர் கீழே, முடிந்த அளவு நெருக்கமாக. இவற்றை எளிதில் சரிபார்க்க ஒரு வழியும் வைத்திருக்க வேண்டும்.

ஃபுட் வால்வு அடிபடுவது இங்கேதான். அதுவும் ஒரு செக் வால்வுதான். ஆனால் டேங்கின் அடியில் இருப்பதால், வால்வு ஒன்றே ஒன்றாக இருந்தாலும் இடம் தவறு; விலக்கு போய்விடும். டேங்கின் தலையில் வைக்கும் கோண செக் வால்வுக்கும் இதே கதிதான்.

காரணத்தைப் புரிந்துகொண்டால் விதி கடுமையாகத் தோன்றாது. வால்வு பம்புக்கு அடியில் இருக்கும்போது குழாயில் ஓட்டை விழுந்தால், அதன் வழியே காற்று நுழையும்; எரிபொருள் டேங்குக்குத் திரும்பிவிடும். மறுநாள் காலை பம்ப் திணறும், ஓடும் எரிபொருளோடு காற்றும் கலந்து வரும். கோளாறு தானே வெளியே தெரிந்துவிடும். அடிமுனையில் ஃபுட் வால்வு இருந்தாலோ அது பிடித்து வைத்த எரிபொருள் டேங்குக்கு இறங்க வழியில்லாமல் ஓட்டை வழியே மண்ணில் ஊறும். நிலத்தடி நீர் வரை போன எரிபொருளை எடுப்பது எவ்வளவு பெரிய பாடு என்று பார்த்தவர்களுக்கு, பம்ப் திணறுவது ஒரு தொல்லையே அல்ல.

அவசர ஜெனரேட்டர் வைத்திருக்கும் மருத்துவமனைகளும் அலுவலகங்களும் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். முன்பு அவற்றின் டேங்குகளுக்குக் கசிவுக் கண்காணிப்பு ஒத்திவைக்கப்பட்டிருந்தது. 2015 திருத்தம் அதை நீக்கியது. பழைய டேங்குகளுக்குத் தந்த அவகாசமும் 2018 அக்டோபர் 13உடன் முடிந்துவிட்டது. ஜெனரேட்டர் உடனே கிளம்ப வேண்டும் என்று ஃபுட் வால்வு போட்டவர்கள், தங்கள் குழாய் விலக்கில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கலாம். 2016 ஏப்ரல் 11க்குப் பிறகு போட்ட அல்லது மாற்றிய குழாய்க்கு இரட்டைச் சுவரும் வேண்டும். மேற்சொன்ன நிபந்தனைகளை நிறைவேற்றும் உறிஞ்சு குழாய்க்கு அதிலிருந்தும் விலக்கு உண்டு.

உங்கள் குழாயைச் சரிபார்க்க, டிஸ்பென்சரின் (எரிபொருள் ஊற்றும் இயந்திரத்தின்) அடிப்பகுதி மூடியைத் திறந்து பம்புக்குக் கீழே செக் வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் மட்டும் போதாது. டேங்க் பக்கம் இரண்டாவது வால்வு ஒளிந்திருக்கக் கூடாது. மண்ணுக்குள் இருக்கும் சரிவு கண்ணுக்குத் தெரியாது என்பதால், குழாய் பதித்தபோது வரைந்த படத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

ஃபுட் வால்வைக் கழற்றும் முன் நிலத்தடி டேங்குகளைக் கவனிக்கும் மாநில அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். மாநிலங்கள் இதைவிடக் கடுமையான விதி வைக்கலாம். கழற்றியதும் பம்புக்குக் கீழே நல்ல செக் வால்வு வேண்டும். பிறகும் பம்ப் திணறினால், ஃபுட் வால்வைத் திரும்பப் போடுவதை விட்டுவிட்டு முதலில் அந்தச் செக் வால்வைச் சரிபாருங்கள். அது சரியாக இருந்தால் குழாயில் கசிவு இருப்பதாகச் சந்தேகித்து 24 மணி நேரத்துக்குள் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.