கயிற்றால் தள்ள முடியுமா?

மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "செகண்ட் ஹாண்டில் ஒரு கார் வாங்கினேன். கூரைக் கண்ணாடியைத் திறக்கும் சன்ரூஃப் பட்டனை அழுத்தினால் இடது பக்கம் பின்னால் போகிறது, வலது பக்கம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. கண்ணாடி கோணிக்கொண்டு 'கடக்' என்று சத்தம். மோட்டார் போச்சு, முழு செட்டையும் மாற்றணும் என்கிறார்கள். ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குள் ஏதோ பிளாஸ்டிக் துண்டு விற்கிறார்களே, அதை வாங்கி நானே போட்டுக்கொள்ளலாமா?"

கேள்விக்குள்ளேயே பாதி பதில் இருக்கிறது. மோட்டார் போகவில்லை. போயிருந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்தல்லவா நின்றிருக்கும்?

எனக்கும் இதே கதை நடந்தது. ஒரு தை மாதம், சம்பா அறுவடை மும்முரம். பாபநாசம் பக்கம் சாலையில் பாதியை மறித்து நெல் காயப்போட்டிருந்தார்கள். அறுவடை இயந்திரம் கிளப்பிய பதரும் தூசியும் காற்றெல்லாம். நான் சன்ரூஃபைத் திறந்து வைத்துக்கொண்டு உல்லாசமாகப் போனேன். வீடு வந்து மூடினால் பாதியில் சிக்கிக்கொண்டது. சர்வீஸ் சென்டரில் சொன்ன தொகைக்கு ஒரு நல்ல பழைய பைக் வாங்கலாம். பெரியம்மா சொன்ன வழி மலிவானது: "கண்ணு பட்டிருக்குடா, பூசணிக்காய் உடை." நடுரோட்டில் உடைத்த பூசணிக்காயில் வழுக்கி விழுந்தவர்களை எனக்குத் தெரியும். பூசணிக்காயால் சன்ரூஃப் சரியானவர் ஒருவரையும் தெரியாது.

சரி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். கூரைக்குள் ஒரு சட்டம், அதன் இரு பக்கமும் அலுமினியத் தடம். தடத்தில் ஓடும் சின்னச் சின்ன பிளாஸ்டிக் சறுக்கிகள்தான் கண்ணாடியைச் சுமக்கின்றன. சட்டத்தின் நடுவில் ஒரே ஒரு 12 வோல்ட் மோட்டார், அதன் முனையில் ஒரே ஒரு சிறிய பல்சக்கரம். மோட்டார் இருப்பது நடுவில், தள்ள வேண்டியது இரண்டு ஓரத்திலும். நடுவிலிருந்து ஓரத்துக்கு விசையைக் கொண்டுபோவது இரண்டு கேபிள்கள். மோட்டார் முன்பக்கம் இருக்கும் வண்டிகளில், கண்ணாடியைத் திறக்கும்போது அந்தக் கேபிள்கள் இழுப்பதில்லை, தள்ளுகின்றன.

இந்த இடத்தில்தான் நான் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தேன். கயிற்றால் இழுக்கலாம். தள்ள முடியுமா? திருவாரூர் ஆழித்தேரின் வடத்தை முன்னால் நின்று ஊரே சேர்ந்து இழுக்கிறது. அதே வடத்தைப் பிடித்துக்கொண்டு தேரைப் பின்னுக்குத் தள்ளச் சொன்னால் சிரிப்பார்கள். சைக்கிள் பிரேக் ஒயரும் இழுக்க மட்டும்தான் லாயக்கு.

தள்ளினால் ஏன் முடிவதில்லை? மெல்லிய பொருள் தள்ளும்போது நசுங்குவதில்லை, வயிறு பிதுங்கி ஒரு பக்கம் வளைந்து விலகிவிடுகிறது. தொரட்டிக் கழியை நீட்டி உயரத்திலிருக்கும் கிளையை முட்டிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். எந்த அளவு விசையில் அப்படி வளையும் என்று கணக்குப் போட்டவர் சுவிட்சர்லாந்துக் கணிதமேதை லியோனார்ட் ஆய்லர். ஆண்டு 1744. அவர் கண்டது: தாங்கும் விசை நீளத்தின் இருமடிக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். கழியைப் பாதியாக வெட்டினால் நான்கு மடங்கு தாங்கும். பத்தில் ஒரு பங்காக வெட்டினால் நூறு மடங்கு.

அப்படியென்றால் கேபிளை வெட்டாமலே வெட்டினதாகச் செய்துவிட்டால்? அதைத்தான் செய்திருக்கிறார்கள். கேபிள் ஓடுவது அதன் கனத்துக்கு அளவெடுத்த குழாய்க்குள்ளும் தடத்தின் பள்ளத்துக்குள்ளும். இம்மி வளைந்தாலும் சுவர் தடுத்துவிடும். அடுத்த இம்மியிலும் அதே கதை. நீளமான ஒரு கேபிள், ஆய்லரின் கணக்குக்கு, வரிசையாக நிற்கும் நூற்றுக்கணக்கான குட்டிக் கம்பிகளாகிவிடுகிறது. வீட்டுக்கு வயரிங் செய்ய வந்த எலக்ட்ரீஷியன் சுவருக்குள் புதைத்த பைப்பில் ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டே போய் மறுமுனையில் எடுப்பாரே, அதே சங்கதி. வெளியே அந்த ஸ்பிரிங் வாழைநார் மாதிரி துவளும், பைப்புக்குள் கம்பி மாதிரி நிமிர்ந்து போகும்.

சன்ரூஃப் கேபிளை விரல் நகத்தால் வருடிப் பாருங்கள், 'டர்ர்ர்' என்று சத்தம் வரும். நடுவில் எஃகுக் கம்பி, அதன் மேல் சீரான இடைவெளி விட்டு இன்னொரு கம்பியைச் சுருளாகச் சுற்றியிருக்கிறார்கள். அந்தச் சுற்றுகள்தான் பல். பல்சக்கரம் அதில் கவ்விக்கொள்கிறது. வளையக்கூடிய பல்சட்டம்! மூலையில் வளைந்து திரும்பியும் ஒரு பல்லளவு பிசகாமல் தள்ளுகிறது.

இன்னும் அழகான விஷயம், இரண்டு கேபிளும் ஒரே பல்சக்கரத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் கவ்வியிருப்பது. ஒரு பென்சிலை இரு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டுங்கள். ஒரு கை முன்னே போகும்போது மறு கை பின்னே வரும், இரண்டும் நகரும் தூரம் ஒன்றே. இங்கே பென்சில்தான் சுற்றுகிறது. ஒரு கேபிள் இடப்புறம் ஓடி மூலையில் திரும்பி இடது தடத்தில் தள்ளுகிறது, மற்றது வலப்புறம் ஓடி வலது தடத்தில் தள்ளுகிறது. இரு பக்கமும் சமமாகப் போகிறதா என்று பார்க்க சென்சாரும் கம்ப்யூட்டரும் தேவையில்லை. ஒரே பல்சக்கரம் என்பதால் சமமாகப் போயே தீரவேண்டும்.

ஏன் இவ்வளவு கறாரான சமம்? பழைய மர மேசையின் அகலமான இழுப்பறையை ஒரு ஓரத்தில் மட்டும் பிடித்து இழுத்திருக்கிறீர்களா? கோணிக்கொண்டு சிக்கும். பலமாக இழுத்தால் இன்னும் இறுகும், ஏனென்றால் இழுக்கிற விசை கூடக்கூட பக்கச் சுவரில் உராய்வும் அதே விகிதத்தில் கூடுகிறது. அகலம் அதிகமாகவும் தடத்தைப் பிடித்திருக்கும் நீளம் குறைவாகவும் இருந்தால் தொல்லை பெரிது. சன்ரூஃப் கண்ணாடி அப்படிப்பட்ட இழுப்பறைதான். ஆழித்தேரை வீதி முனையில் திருப்ப ஒரு பக்கச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவார்கள், தேர் அந்தப் பக்கமாக முகம் திருப்பும். வாசகரின் காரில் வலது பக்கத்துக்கு யாரோ முட்டுக்கட்டை போட்டிருக்கிறார்கள்.

அந்த யாரோ, என் காரில், புளியங்கொட்டை அளவு பிளாஸ்டிக். கேபிளின் முனையையும் கண்ணாடியைத் தாங்கும் கையையும் இணைக்கும் சறுக்கி. அதன் ஒரு காது ஒடிந்திருந்தது. ஒடிந்த விளிம்பு மட்டும் வெளிறிப்போய், பலநாள் வளைந்து வளைந்து களைத்த அடையாளத்தோடு. தடத்தில் பழைய கிரீஸும் பதர்த் தூசியும் சேர்ந்து உப்புத்தாள் பசை மாதிரி ஆகியிருந்தது. கேபிள் ஒழுங்காகத்தான் தள்ளியிருக்கிறது, அந்தத் தள்ளலை வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

முதலில் அதைப் பெவிகுவிக்கால் ஒட்டினேன். சாயங்காலம் வரை தாங்கியது. இவ்வகைச் சறுக்கிகள் பெரும்பாலும் அசிட்டால் என்கிற வழுவழுப்பான பிளாஸ்டிக். கிரீஸ் இல்லாமலே சறுக்கும் குணம் அதற்கு உண்டு, அதே குணத்தால் பசையும் அதில் ஒட்டாது. அப்புறம்தான் ஆஃப்டர் மார்க்கெட் பாகம், அதாவது கார் கம்பெனி அல்லாத வேறு ஆட்கள் செய்து விற்கும் பாகம், தேடினேன். அதே சறுக்கி பிளாஸ்டிக்கிலும் கிடைத்தது, உலோகத்திலும் கிடைத்தது. 'வாழ்நாள் உழைக்கும்' என்று உலோகத்துக்குத்தான் விளம்பரம். நான் பிளாஸ்டிக்கே வாங்கினேன். உலோகச் சறுக்கி உடையாது, உண்மைதான். ஆனால் அலுமினியத் தடத்தைத் தேய்த்துவிடும். சறுக்கி தேய்ந்தால் சில நூறு ரூபாய், தடம் தேய்ந்தால் மறுபடி அந்தப் பைக் விலை. தூக்கும் கை மாதிரி சறுக்காத, பளு மட்டும் தாங்குகிற பாகம் என்றால் உலோகத்தில் வாங்குங்கள், சரி.

இவ்வளவு சின்னத் துண்டை ஏன் தனியாக விற்க மறுக்கிறார்கள் என்பது என் நெடுநாள் எரிச்சல். பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒன்றிய அரசு 2022இல் ஒரு குழு அமைத்தது, அதே ஆண்டு டிசம்பரில் ஓர் இணையதளமும் வந்தது. வாகனங்களும் அதில் அடக்கம். இருந்தும் கடையில் போய்க் கேட்டால் முழு செட் கதைதான். நம் டெல்டாவில் பொறியியல் கல்லூரிக்குப் பஞ்சமா? கடைசி வருடப் பிள்ளைகள் காசு கொடுத்து ரெடிமேட் புராஜெக்ட் வாங்குவதற்குப் பதில், இந்தச் சறுக்கியை நாலு விதப் பிளாஸ்டிக்கில் செய்து எது எத்தனை ஆயிரம் தடவை தாங்குகிறது என்று சோதித்தால் ஒரு வாகனத் தொழிலே பிழைக்கும். அதற்குப் பெரிய மானியம்கூட வேண்டாம்.

வேலைக்கு வருவோம். கண்ணாடியைக் கழற்றினாலே மேலிருந்து சறுக்கி தெரிகிற வண்டி என்றால் நீங்களே செய்யலாம். உள்கூரைத் துணியை இறக்கினால்தான் கை போகும் என்றால் விட்டுவிடுங்கள், அதன் ஓரங்களில் ஏர்பேக் மடித்து வைத்திருக்கலாம். கண்ணாடியைப் பிடிக்க இன்னொருவர் வேண்டும். தடத்தை ஒட்டத் துடைத்துவிட்டு, அந்தத் தடத்துக்குச் சொல்லப்பட்ட கிரீஸை மெல்லிசாகப் பூசுங்கள். ரப்பர் விளிம்புக்குப் பெட்ரோலியக் கிரீஸ் ஆகாது, உப்பிவிடும், சிலிகான்தான் சரி. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். மார்கழி விடியலில் உறைந்து நிற்கும், பகலெல்லாம் தூசி பிடிக்கும்.

மோட்டாரைத் திரும்பப் பூட்டும் முன் இரண்டு சறுக்கியும் தடத்தில் ஒரே அளவில் நிற்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். மெக்கானிக்குகள் இதை 'டைமிங்' என்பார்கள். ஒரு பல் தள்ளிப் பூட்டினால் அந்தப் பல்சக்கரம் தப்பான அளவையும் அதே விசுவாசத்தோடு கடைசிவரை காப்பாற்றும். கண்ணாடியின் முன்விளிம்பு கூரை மட்டத்துக்கு ஒரு மயிரிழை கீழேயும் பின்விளிம்பு ஒரு மயிரிழை மேலேயும் இருந்தால் காற்று ஊளையிடாது. கடைசியாக, உங்கள் வண்டியின் கையேட்டில் சொன்னபடி பட்டனை அழுத்திப் பிடித்து, எது முழுதாக மூடிய நிலை என்று மோட்டாருக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

கண்ணாடி கழன்றிருக்கும்போதே இன்னொரு வேலையையும் முடித்துவிடுங்கள். சன்ரூஃப் ரப்பர் மழையை முழுக்கத் தடுப்பதில்லை. கசிகிற தண்ணீரை ஒரு தட்டில் ஏந்தி மூலைகளிலிருக்கும் குழாய்கள் வழியே கீழே வடித்துவிடுகிறது. தண்ணீர் வரும் வாய்க்காலை விட வடிகால்தான் முக்கியம் என்று கடைமடைக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஐப்பசி மழைக்கு முன் ஒவ்வொரு மூலையிலும் அரை டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றினேன். முன்னிரண்டும் சக்கரத்தின் அருகே சொட்டின. பின்னால் வலதும் சொட்டியது. இடது மூலையில் தண்ணீர் அப்படியே நின்றது. கம்ப்ரஸர் காற்று அடித்தால் குழாய் உள்ளேயே கழன்றுவிடும் என்பதால், புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் நரம்பை மெல்லச் செலுத்தினேன். அதுவும் குழாய்க்குள் தள்ளப்படும் கயிறுதான், கொஞ்சமும் துவளாமல் போனது. எங்கேயோ முட்டி, நெகிழ்ந்து, கீழே ஒரு பிடி வேப்பம்பூவோடு கறுப்புத் தண்ணீர் கொட்டியது.