அடி விழுவதைப் பார்த்த குழந்தை எதைக் கற்றது?

உளவியலில் ‘போபோ பொம்மை’ சோதனை ரொம்பப் பிரபலம். 1961இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பண்டூராவும் அவருடைய சகாக்களும் நடத்தியது. காற்றடைத்த, தள்ளினால் சாய்ந்து தானே நிமிர்கிற ஒரு பெரிய பொம்மையைப் பெரியவர் ஒருவர் சுத்தியலால் அடிக்கிறார், உதைக்கிறார், வாய்க்கு வந்தபடி திட்டுகிறார். மழலையர் பள்ளிப் பிள்ளைகள் சிலர் அதைப் பார்க்கிறார்கள். பின்னர் அதே மாதிரி பொம்மை இருக்கும் அறைக்குள் விட்டதும் அவர்களில் பலர் அதே அடியை அடித்தார்கள், அதே வசனத்தையும் பேசினார்கள். செய்து பார்த்து, பரிசோ தண்டனையோ கிடைத்தால்தான் நடத்தை படியும் என்று பெரும்பாலான உளவியலாளர்கள் நம்பிய காலம் அது. இந்தப் பிள்ளைகளோ சும்மா பார்த்துக்கொண்டு மட்டுமே இருந்தவர்கள்.

இதைவிடச் சுவாரசியமானது 1965இல் பண்டூரா வெளியிட்ட ஆய்வு. ஏனோ அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. இந்த முறை குழந்தைகளுக்குப் படம் காட்டினார்கள். ஒரு குழு பார்த்த படத்தில், பொம்மையை அடித்தவருக்குப் பாராட்டும் தின்பண்டமும் கிடைத்தன. இன்னொன்றில் அவருக்குத் திட்டும், சுருட்டிய பத்திரிகையால் அடியும் விழுந்தன. மூன்றாவதில் எதுவுமே நடக்கவில்லை. தண்டனையைப் பார்த்த குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே அடித்தார்கள்.

சரி, பாடம் கற்றுக்கொண்டார்கள் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பண்டூரா அத்தோடு நிறுத்தவில்லை. “படத்தில் அவர் என்னவெல்லாம் செய்தார்? செய்து காட்டினால் பழச்சாறும் ஸ்டிக்கரும் தருவோம்” என்று எல்லாக் குழந்தைகளிடமும் சொல்லச் செய்தார். மூன்று குழுக்களுக்கும் இடையே இருந்த வித்தியாசம் காணாமல் போனது. தண்டனையைப் பார்த்தவர்களுக்கும் அத்தனை அடிகளும் மனதில் பதிந்திருந்தன. வெளியே காட்டாமல் இருந்தார்கள், அவ்வளவுதான்.

ஆக, கற்பது வேறு, செய்வது வேறு. கவனித்து, நினைவில் வைத்துக்கொண்டால் கற்றாயிற்று. அதைச் செய்ய உடம்பு ஒத்துழைக்க வேண்டும், செய்வதற்கு ஒரு காரணமும் வேண்டும் என்றார் பண்டூரா. அடிக்கவென்றே செய்த பொம்மையை அடிப்பது வன்முறையா என்று அன்றே கேட்டவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். ஆனால் 1965ஆம் ஆண்டு முடிவை அது அசைக்காது.

உடம்பு ஒத்துழைப்பது சின்ன விஷயமில்லை. 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மேசையில் இருந்த விளக்கை ஒருவர் நெற்றியால் தொட்டு எரிய வைத்தார். கைகள் மேசைமேல் சும்மா இருந்தும் அவர் நெற்றியைப் பயன்படுத்தியபோது, 14 மாதக் குழந்தைகளில் 69 சதவீதம் பேர் தாங்களும் நெற்றியால் தொட்டார்கள். அவர் கைகள் போர்வைக்குள் மாட்டியிருந்தபோதோ 21 சதவீதம் பேர் மட்டுமே. ‘பாவம், கை ஓய்வாக இல்லை, அதனால்தான் நெற்றி’ என்று குழந்தை யோசிக்கிறது என விளக்கினார்கள் ஆய்வாளர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்களில் ஒருவரான ஹரால்ட் பெக்கரிங்கே பங்கேற்ற 2011ஆம் ஆண்டு ஆய்வு வேறு காரணத்தைச் சொன்னது: மேசையில் கையை ஊன்றாமல் அந்த வயதுக் குழந்தையால் குனிந்து நெற்றியால் தொடுவது கடினம். கையை மேசைமேல் வைத்திருந்தவரின் அசைவு குழந்தையின் உடம்புக்குச் சாத்தியமான அசைவு. போர்வைக்குள் கையை வைத்திருந்தவரின் அசைவு அப்படியில்லை.